முதல் தடவை நீங்களும் ஏறுங்கள்

கேள்வி: பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகளைப் பென்னாகரத்திலிருந்து தர்மபுரிக்குத் தனியாகப் பஸ்ஸில் அனுப்பலாமா? பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், பென்னாகரம்

பதில்: தாராளமாக அனுப்புங்கள். முதல் தடவை நீங்களும் அதே பஸ்ஸில் ஏறி, நாலு சீட் தள்ளி உட்காருங்கள். வாயைத் திறக்கக் கூடாது (அதுதான் கஷ்டம்!). போர்டு பார்ப்பது, கண்டக்டரிடம் கேட்பது எல்லாம் அவள் வேலை. 2021 மே முதல் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனாலும் கண்டக்டர் தரும் சீட்டை இறங்கும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். புறநகர்ப் பஸ்ஸில் காசு கேட்பார்கள்; சில்லறை இருக்கட்டும். தர்மபுரியில் டவுன் பஸ் நிலையம் வேறு, புறநகர் நிலையம் வேறு. திரும்பும்போது எங்கே ஏறுவது என்று அன்றே காட்டிவிடுங்கள். கடைசி பஸ்ஸை நம்ப வேண்டாம், அதற்கு முந்தைய பஸ்ஸின் நேரத்தை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.