உப்புவெளிக்குக் கணப்பு எதற்கு?

அன்புள்ள வாசகிக்கு,

மெல்பேணிலிருந்து அண்ணா கொண்டுவந்து தந்த எதனோல் மேசைக் கணப்பை, திருகோணமலை உப்புவெளியில் நீங்கள் நடத்தும் விடுதியின் விறாந்தையில் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். புகையில்லை, கரியில்லை, மண்ணெண்ணெயைவிடப் பாதுகாப்பானது என்று அண்ணா சொன்னாராம். புகை, கரி விஷயத்தில் அவர் சொன்னது சரி. பாதுகாப்பு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை.

மண்ணெண்ணெய் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விட 38 பாகையாவது சூடேற வேண்டும். எதனோலுக்கு 17 பாகையே போதும். திருகோணமலையில் மார்கழி மழை இரவிலும் வழக்கமாக அதைவிடச் சூடுதான். கச்சான் வீசும் ஆனி, ஆடியில் கேட்கவே வேண்டாம். ஆகவே நம் ஊரில் எதனோல் போத்தலின் மூடியைத் திறந்தால் எந்நேரமும் அதன் வாயில் தீப்பற்றும் ஆவி நிற்கும். அது காற்றைவிடப் பாரமானது. மேசையிலிருந்து இறங்கித் தரையோடு பரவும். சுவாலையோ வெளிறிய நீலம், பகலில் கண்ணுக்கு எளிதில் தெரியாது.

மோசமான விபத்துகள் எரிபொருள் நிரப்பும்போதுதான் நடக்கின்றன. நெருப்பு அணைந்துவிட்டது என்று நம்பி மறுபடி ஊற்றுவார்கள். அடியில் மிஞ்சியிருக்கும் சுவாலை அந்தத் தாரையைப் பிடித்துப் போத்தலுக்குள் ஏறும். எரியும் எதனோல் எதிரே இருப்பவர்மேல் பீச்சியடிக்கும். இத்தகைய திரவக் கணப்புகளால் 2019 முதல் 2 பேர் இறந்து, 60 பேர் காயப்பட்டதாகச் சொல்லி, இவற்றைப் பாவிப்பதை நிறுத்துமாறு அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு 2024 டிசம்பரில் எச்சரித்தது.

எரிபொருள் சிந்தித் தீப்பற்றும் ஆபத்து இலங்கையருக்குப் பழகிய பாடம். மின்சாரம் இல்லாத வீடுகளில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு சரிந்து வெந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குச் சிகிச்சை செய்த அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, குட்டையான, கனத்த, பக்கம் தட்டையான, திருகு மூடியுள்ள கண்ணாடி விளக்கை உருவாக்கினார். உருளாது, மூடி கழலாது. 1998 இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அவுஸ்திரேலியா 2017 இல் கொண்டுவந்த கட்டாய விதியும் இதே வழியில்தான் போகிறது: பொருத்தி வைக்காத கணப்பு 8 கிலோவுக்குக் குறையக் கூடாது, அடிப்பரப்பு 900 சதுர சென்ரிமீற்றராவது இருக்க வேண்டும், ஊற்றும் கலனில் சுவாலை உள்ளேறாத தடுப்பு வேண்டும். உங்கள் கணப்பை இன்றே தராசில் வையுங்கள். இதில் ஒன்று குறைந்தாலும் பற்றவைக்க வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தாலும், கடற்காற்று அடிக்கும் விறாந்தையில் வேண்டாம். ஏசி போட்டு மூடிய அறையிலும் வேண்டாம்: ஒரு லீற்றர் எதனோல் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ காபனீரொட்சைட்டு அறைக்குள்ளேயே சேரும். அணைக்க ஊதாதீர்கள், மூடியால் மூடுங்கள். முற்றாக ஆறிய பிறகே நிரப்புங்கள். சிந்தியதைத் துடைத்து, துணியை வெளியே காயவிட்ட பின்னரே தீக்குச்சியைத் தொடுங்கள். தயாரிப்பாளர் சொன்ன எரிபொருள் கிடைக்கவில்லை என்று கைகழுவும் சனிற்றைசரையோ கடை ஸ்பிரிட்டையோ ஊற்றாதீர்கள். அண்ணாவிடம் கேட்டாலும் பயனில்லை. விமானப் பெட்டியில் எதனோல் கொண்டுவர முடியாது.

யாருக்காவது தீக்காயம் பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள். பற்பசை, ஐஸ் எதுவும் வைக்காமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வரவழையுங்கள்.

என் முடிவைக் கேட்டால், குளிரான நுவரெலியாவில் கணப்புக்கு ஒரு நியாயம் உண்டு. உப்புவெளிக்கு வரும் விருந்தாளி தேடுவது கடலையும் காற்றையும், சூட்டை அல்ல. மேசைக்கு அழகு வேண்டுமென்றால் பற்றரி விளக்கு ஒன்று போதும். அண்ணாவின் பரிசை அலுமாரியில் அலங்காரமாக வையுங்கள், எரிபொருள் ஊற்றாமல்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்