படிவம் நான்கில் மகன்: வேலைக்கான ஏற்பாட்டை எப்போது தொடங்குவது?

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 16 வயது. கற்றல் குறைபாடு உள்ளவன். இடைநிலைப்பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் படிவம் 4 படிக்கிறான். எழுத்துக்கூட்டி வாசிப்பான், பணக்கணக்கு வராது. ஆனால் ஒரு வேலையைக் காட்டிக்கொடுத்துவிட்டால் சலிக்காமல் செய்வான். பத்து காவான் தொழிற்பேட்டை எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான். இருந்தும் "பள்ளி முடிந்ததும் வீட்டோடு வைத்துக்கொள், உதவித்தொகை வரும்" என்கிறார்கள் உறவினர்கள். நான் என்ன செய்ய வேண்டும்? – ஒரு தாய், சிம்பாங் அம்பாட்

பதில்: சகோதரி, உறவினர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். பள்ளி முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். வேலைக்கான ஏற்பாடு இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.

பள்ளியில் உங்கள் மகனுக்கென்று ஆர்.பி.ஐ. எனும் தனிநபர் கல்வித் திட்டம் எழுதப்படுகிறது. அதற்கான கூட்டத்தில் பெற்றோர் பெரும்பாலும் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வருகிறார்கள். நீங்கள் பேசுங்கள். வாசிப்பு, எழுத்தோடு வேலை சார்ந்த இலக்குகளையும் அதில் எழுதச் சொல்லுங்கள். தனியே பேருந்து ஏறுவது, நேரத்துக்குக் கிளம்புவது, முடியாதபோது "உதவி வேண்டும்" என்று வாய்விட்டுக் கேட்பது ஆகியவை வேலையைத் தக்கவைக்கும் திறன்கள்.

பள்ளியில் ரொட்டி செய்வதையும் தோட்டவேலையையும் கற்றுத்தருவது நல்லதே. ஆனால் கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளில் பலருக்கு, ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்தில் செய்வது கடினம். பள்ளி அடுப்பில் பழகியவன் கடை அடுப்பின் முன் திகைத்து நிற்பான். அதனால்தான் 'முதலில் வேலையிடம், பிறகு பயிற்சி' என்ற முறை உலகெங்கும் வேரூன்றியது. 1996இல் அமெரிக்காவின் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் 'பிராஜெக்ட் சர்ச்' தொடங்கியது. மாணவர்கள் பள்ளியின் கடைசி ஆண்டை முழுக்க ஒரு வேலையிடத்திலேயே கழிக்கும் திட்டம் அது. இன்று பல நாடுகளில் நடக்கிறது.

நம் மலேசியாவில் இதற்கு நெருக்கமானது 'ஜோப் கோச்' முறை. ஜப்பானின் ஜைக்கா அமைப்பின் துணையோடு சமூகநல இலாகா இதை இங்கே வளர்த்தது. ஜோப் கோச் முதல் சில வாரங்கள் வேலையிடத்திலேயே உடனிருந்து, வேலையைச் சிறு படிகளாகப் பிரித்துக் காட்டுவார். சக ஊழியர்களையும் பழக்குவார். பிறகு மெல்ல விலகிக்கொள்வார். அந்த விலகல்தான் இதில் நுட்பமான பகுதி. அவசரப்பட்டு விலகினால் பிள்ளை தடுமாறும். தாமதித்தால் அவரையே சார்ந்துவிடும். இந்தச் சேவை கிடைக்குமா என்று இலாகாவில் கேளுங்கள். சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவின் மைஃபியூச்சர்ஜோப்ஸ் வேலைவாய்ப்புத் தளத்திலும் பெயர் பதியுங்கள். ஓ.கே.யூ. எனும் மாற்றுத்திறனாளி அட்டை இன்னும் எடுக்கவில்லையென்றால் அதுதான் முதல் வேலை.

பணத்தைப் பற்றியும் சொல்கிறேன். வேலை செய்ய இயலாதவர்களுக்கு ஓர் உதவித்தொகை உண்டு. வேலைக்குப் போகும் ஓ.கே.யூ.களுக்கும் தனி அலவன்ஸ் உண்டு. 2021இல் அது மாதம் 450 ரிங்கிட்டாக உயர்ந்தது. இரண்டில் வேலை செய்வோருக்கு உரியதே கூடுதல். வருமான வரம்பு இருப்பதால், சம்பளம் முடிவானதும் இலாகாவில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆக, வேலைக்குப் போனால் நட்டம் என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை.

முதலாளிகளிடம் இரக்கம் கேட்டுப் போகாதீர்கள். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம், மற்றவர்களுக்குச் சமமான வேலைவாய்ப்பு உரிமையை உங்கள் மகனுக்கும் தந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிக்குத் தரும் சம்பளத்தை வரிக்கணக்கில் இருமடங்காகக் கழித்துக்கொள்ளும் சலுகை நிறுவனங்களுக்கு உண்டு. சிறு முதலாளிகள் பலருக்கு இது தெரியாது, நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அரசுத் துறையில் ஒரு விழுக்காட்டு இலக்கு இருக்கிறது. தனியார் துறைக்குக் கட்டாய ஒதுக்கீடு இல்லை. இது பெரிய குறை. சட்டம் திருத்தப்பட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பத்து காவானின் பெரிய ஆலைகளையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சிம்பாங் அம்பாட்டில் உங்களுக்குத் தெரிந்த மினிமார்க்கெட், ரொட்டிக்கடை, பூச்செடி நாற்றங்கால் எதுவானாலும், பள்ளி விடுமுறையில் வாரம் இரண்டு நாள் பழகக் கேளுங்கள். வேலைக்கென்று அமர்த்தினால் சம்பளத்தைத் தெளிவாகப் பேசிவிடுங்கள்.

அடுத்த ஆர்.பி.ஐ. கூட்டத்துக்கு மகனையும் அழைத்துப் போங்கள். எந்த வேலை பிடிக்கும் என்பதை ஆசிரியர் அவனிடமே கேட்கட்டும்.