கண்டிக்கு வரும் உறவுக்கு எந்த லைசன்ஸ்?

1964 அக்டோபரில் ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, மலையகத்தில் பல குடும்பங்கள் இரண்டு நாட்டுக் காகிதங்களாகப் பிரிந்துபோயின. அண்ணன் குடும்பம் கம்பளையில் தேசிய அடையாள அட்டையோடு இருக்கிறது. தம்பியின் பிள்ளைகளோ கூடலூரிலும் கோத்தகிரியிலும் இந்தியக் கடவுச்சீட்டோடு வளர்ந்துவிட்டார்கள். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு லண்டனுக்கும் டொரொன்டோவுக்கும் போனவர்கள் வேறு. கல்யாணம், கருமாதி, மாத்தளை முத்துமாரியம்மன் தேர் என்று இவர்கள் கண்டியில் வந்து இறங்கியதும் வீட்டில் எழும் கேள்வி: "தம்பி, நீ இங்க வண்டி ஓட்டலாமா?"

அதை முடிவுசெய்வது உங்கள் விசாவும் தங்கப்போகும் காலமும்தான். ஊரில் இருபது வருடம் ஓட்டிய கை என்பது இங்கே கணக்கில் வராது.

இரண்டு மூன்று வாரம் தங்கி, காரை நீங்களே ஓட்ட விரும்பினால் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம்தான் நல்ல வழி. அதை உங்கள் லைசன்ஸ் தந்த நாட்டிலேயே எடுத்துவர வேண்டும். கண்டிக்கு வந்த பிறகு கிடைக்காது. இந்தியாவில் ஆர்.டி.ஓ. அலுவலகம் தருகிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரலிலிருந்து பேபொயின்ட் கடைகளில் வாங்கலாம். கேட்கும்போது 1949 ஜெனீவா உடன்படிக்கைக்குரியது என்று சொல்லிக் கேளுங்கள். இலங்கையில் இறங்கியதும் அதைக் கொழும்பு காலிமுகத்திடலுக்குப் பக்கத்திலுள்ள இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் காட்டி அங்கீகாரம் பெற வேண்டும். பலர் இந்த ஒரு வேலையை விட்டுவிட்டுக் கண்டிக்கு வந்துவிடுகிறார்கள். திரும்பவும் 115 கிலோமீட்டர் போய்வர ஒரு பகல் முழுதும் போகும், ஆகவே விமான நிலையத்திலிருந்து கண்டிக்கு வருவதற்கு முன்பே கொழும்புக்குப் போய் முடித்துவிடுங்கள்.

அந்த அனுமதிப்பத்திரப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எந்த எழுத்துக்கு நேரே முத்திரை விழுந்திருக்கிறது என்று பாருங்கள். 'பி' என்றால் சாரதியைத் தவிர எட்டு இருக்கை வரைதான். கல்யாணத்துக்குச் சொந்தபந்தத்தை ஏற்றும் 14 இருக்கை ஹயஸ் வான் இதில் அடங்காது. முச்சக்கர வண்டி 'ஏ' பிரிவில், மோட்டார் சைக்கிளோடு வருகிறது. அந்த முத்திரை இல்லாதவர் மச்சானின் த்ரீவீலைத் தொடக்கூடாது.

சர்வதேசப் பத்திரம் எடுக்காமல் வந்துவிட்டீர்களா? 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வெளிநாட்டவருக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம் தரும் கருமபீடத்தைத் திறந்தார்கள். கார் ஓட்ட மட்டும் நினைப்பவருக்கு இது அலைச்சலைக் குறைக்கும். முச்சக்கர வண்டியில் மலைநாட்டைச் சுற்றும் திட்டம் இருந்தால் இதை நம்பி வராதீர்கள்.

வேலைக்கோ, கல்யாணம் கட்டியோ வதிவிட விசாவோடு தங்குபவருக்கு மேலே சொன்ன இரண்டும் போதாது. வெளிநாட்டு லைசன்ஸை இலங்கை லைசன்ஸாக மாற்றிக்கொள்வதே முறை. மூல லைசன்ஸ், அது வேறு மொழியில் இருந்தால் அத்தாட்சிப்படுத்திய மொழிபெயர்ப்பு, கடவுச்சீட்டு, விசா, மருத்துவச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். மருத்துவச் சான்றிதழைத் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் கண்டிக் கிளையில் எடுத்துக்கொண்டு, வெரஹெரவிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள்.

எந்த நாட்டு லைசன்ஸும் இல்லாதவர் புதிதாகப் பழக வேண்டும். எழுத்துப் பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். அதற்குப் பிறகு 'எல்' போர்ட்டோடு குறைந்தது மூன்று மாதம் ஓட்டிப் பழகித்தான் செயல்முறைப் பரீட்சைக்குப் போக முடியும். விடுமுறைக்கு வந்தவருக்கு இது சரிவராது. இரட்டைக் குடியுரிமை பெற்றவர் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டால் உள்ளூர்க்காரரைப் போலவே விண்ணப்பிக்கலாம்.

ஒரு வாரத்துக்கு மட்டும் வருபவருக்கு என் யோசனை, சாரதியோடு வாகனம் எடுப்பதுதான். கனடாவில் வலப்பக்கம் ஓட்டிப் பழகியவர் கடுகண்ணாவை வளைவில் முதல் நாளே இடப்பக்கம் ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. மஹியங்கனைக்குப் போகும் பதினெட்டு வளைவு வீதியில் இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு போனால், பாதி வழியில் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். பெரஹரா நாட்களில் நகரத்துக்குள் பல வீதிகளை மூடிவிடுவார்கள். எங்கே சுற்றிப் போவது என்று உள்ளூர்ச் சாரதிக்குத்தான் தெரியும்.

"பொலிஸ் பிடிச்சாப் பார்த்துக்கலாம்" என்று சாவியைக் கொடுக்கும் பெரியப்பாக்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். விபத்து நடந்தால் காப்புறுதிக் கம்பனி முதலில் கேட்பது ஓட்டியவரின் லைசன்ஸை. அது செல்லாது என்றால் இழப்பீடு கிடைப்பது கடினம். லீசிங் கட்டி முடியாத வானின் திருத்தச் செலவு, காயம்பட்டவருக்குக் கொடுக்க வேண்டியது எல்லாம் ஊரில் இருக்கும் குடும்பத்தின் தலையில் விழும். விருந்தாளி டிக்கெட் போட்ட திகதியில் விமானம் ஏறிவிடுவார். சாவியைக் கொடுக்கும் முன் அவருடைய பத்திரத்தை வாங்கி, திகதியையும் பிரிவையும் அங்கீகாரத்தையும் பாருங்கள். வாடகைக்கு எடுத்த கார் என்றால் அதன் காப்புறுதிச் சான்றிதழ் வெளிநாட்டுச் சாரதிக்கும் பொருந்துமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.