‘திற’ என்றால் திறக்கும்: டெர்மினல் குறிப்புகள்

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. பெருமாள்மலைப் பக்கம் வீட்டில் அப்படி ஒரு கணினி இருந்தால் ஓரங்கட்டாதீர்கள். மழையில் நெட் போனாலும், பாஸ் லினக்ஸில் கட்டளைகளை அடிக்கும் ஜன்னலான டெர்மினல் வேலை செய்யும். பட்டா, மார்க்‌ஷீட், காபிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரே சொல்லில் திறக்கலாம்.

1. படத்துக்கு ஒன்று, பிடிஎஃப்புக்கு ஒன்று என்று கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஆங்கில எழுத்தில் எக்ஸ்டிஜி-ஓப்பன் என்று அடித்து, இடம் விட்டுக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். எந்த மென்பொருளில் திறப்பது என்பதைக் கணினியே பார்த்துக்கொள்ளும். மேக்கில் இதற்கு ‘ஓப்பன்’, விண்டோஸில் ‘ஸ்டார்ட்’.

2. அந்தக் கரடுமுரடான பெயருக்குப் பதில் தமிழிலேயே பெயர் வைத்துவிடலாம். ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோலோடு ஹெச் அழுத்தினால், புள்ளியில் தொடங்கும் ‘.பாஷ்ஆர்சி’ கோப்பு கண்ணில் படும். அதன் கடைசியில் ஒரு வரி சேருங்கள்: அலையாஸ் திற=எக்ஸ்டிஜி-ஓப்பன். ‘திற’ மட்டும் தமிழில், மற்றவை ஆங்கில எழுத்தில். சமக்குறிக்கு இரு பக்கமும் இடம் விடக் கூடாது. டெர்மினலை மூடித் திறந்தால் ‘திற’ தயார். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு இந்த ஒரு வரி கொடுக்கும் தைரியம் பெரிது. முதலில் இதைச் செய்து கொடுங்கள்.

3. கோப்புக்கும் தமிழில் பெயர் வையுங்கள். ‘திற பட்’ வரை அடித்து டேப் தட்டினால் மீதி தானே நிரம்பும். ‘பட்டா’வும் ‘பட்டர் ஃப்ரூட் கணக்கு’ம் ஒரே ஃபோல்டரில் இருந்தால் ‘பட்ட’ என்பதோடு நின்றுவிடும். டேப்பை இருமுறை தட்டினால் இரண்டு பெயரையும் காட்டும்; அடுத்த எழுத்தைச் சேர்த்து மறுபடி தட்டுங்கள். பெயரின் நடுவே வரும் இடைவெளிகளையும் டேப்பே சரிசெய்துவிடும். கையால் அடித்தால் மேற்கோள் குறி போட வேண்டும், இல்லாவிட்டால் மூன்று கோப்பு என்று எடுத்துக்கொள்ளும்.

4. ‘திற’ அடித்து, இடம் விட்டு ஒரு புள்ளி வைத்தால், நீங்கள் நிற்கும் ஃபோல்டரே ஜன்னலாக விரியும்.

5. எக்ஸ்டிஜி-ஓப்பன் ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் ஏற்கும். நிறையப் படங்கள் பார்க்க நான்காம் குறிப்பே வசதி.

6. பிடிஎஃப் வேண்டாத மென்பொருளில் திறக்கிறதா? கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ‘ஓப்பன் வித்’ பகுதியில் மாற்றுங்கள். ‘திற’வும் அதன்படியே நடக்கும்.

7. பின்னொட்டு இல்லாத கோப்பு வந்தால் ஆங்கிலத்தில் ‘ஃபைல்’ என்று அடித்து அதன் பெயரைக் கொடுங்கள். உள்ளே இருப்பது படமா, பிடிஎஃப்பா என்று சொல்லும். தெரியாதவர் அனுப்பியதென்றால் இதைப் பார்க்காமல் திறக்கவே வேண்டாம்.