எந்த முறை என்று எண்களே சொல்லும்

புக்கிட் பாத்தோக்கில் உயர்நிலை மூன்று படிக்கும் பிள்ளையின் கணித நோட்டில், இருபடிக் கோவையின் பூச்சியங்களைக் காண நான்கு வழிகள் இருக்கும்: காரணிப்படுத்தல், வர்க்கப் பூர்த்தி, சூத்திரம், வரைபடம். கை பழகிய ஒன்றையே எல்லாக் கணக்குக்கும் போடுவதைவிட, முதலில் தன்மைகாட்டியைக் கண்டுவிட்டு முறையைத் தேர்ந்தெடுப்பதே லாபம். நடுக்கெழுவின் வர்க்கத்திலிருந்து, முதற்கெழுவையும் மாறிலியையும் பெருக்கி வருவதன் 4 மடங்கைக் கழித்தால் அது கிடைத்துவிடும்.

6க²+7க−20 ஐப் பாருங்கள். காரணிப்படுத்த, பெருக்கினால் −120, கூட்டினால் 7 வரும் சோடி வேண்டும். அப்படியொன்று இருக்கிறதா என்றே தெரியாமல் தேடுவதில்தான் நேரம் கரைகிறது. தன்மைகாட்டி 529, அது 23இன் வர்க்கம். முழு வர்க்கம் என்பதால் சோடி நிச்சயம் உண்டு. 7உடன் 23ஐக் கூட்டிப் பாதியாக்கினால் 15, கழித்துப் பாதியாக்கினால் −8, தேடவே வேண்டாம். காரணிகள் (3க−4)(2க+5), பூச்சியங்கள் 4/3, −5/2. க²−6க+4 போல முதற்கெழு 1, நடுக்கெழு இரட்டை எண் என்றால் வர்க்கப் பூர்த்திதான் சுருக்கம்: (க−3)²=5, எனவே 3±√5. வளைவரையின் தாழ்புள்ளி (3, −5) என்பதும் கூடவே தெரிந்துவிடும். 3க²−5க−1க்குத் தன்மைகாட்டி 37; முழு எண் சோடி கிடையாது, சூத்திரத்துக்குப் போகலாம். 2க²+3க+5க்கு −31, மெய்ப் பூச்சியமே இல்லை, அங்கேயே நிறுத்தலாம். வரைபடம் பெரும்பாலும் தோராய விடையே தரும். கேள்வி கேட்டால் மட்டும் வரையலாம்.

தன்மைகாட்டியைப் போட்டாலே பாதிச் சூத்திரம் முடிந்ததே, மீதியையும் போட்டால் என்ன என்று கேட்கலாம். போடலாம், அதனால்தான் இந்த முதற்படி வீணாவதில்லை. ஆனால் சூத்திரம் நினைவில் நிற்க வேண்டும். ஓ நிலைக் கூடுதல் கணிதத் தாளில் அதை அச்சிட்டே தருகிறார்கள். அடிப்படைக் கணிதத்தில் இல்லை. மறந்தால் பண்டைய கணித அறிஞர் ஸ்ரீதரர் கைகொடுப்பார். இரண்டாம் பாஸ்கரரின் 1150ஆம் ஆண்டு நூலான பீஜகணிதம் வழியே நமக்குக் கிடைத்த அவரது விதி இது: முதற்கெழுவின் 4 மடங்கால் பெருக்கு, நடுக்கெழுவின் வர்க்கத்தைக் கூட்டு. 3க²−5க−1=0 ஐ 12ஆல் பெருக்கி 25ஐக் கூட்டினால் (6க−5)²=37. பின்னமே எட்டிப் பார்க்கவில்லை. தன்மைகாட்டி தானே வந்து நிற்கிறது. சூத்திரம் என்பதே முன்கூட்டிச் செய்துவைத்த வர்க்கப் பூர்த்திதான்.

கணிப்பானே விடை தருமே என்பது அடுத்த கேள்வி. தரும், ஆனால் தேவையான செய்முறையை விட்டால் மதிப்பெண் போகும் என்று வினாத்தாளே எச்சரிக்கிறது. கணிப்பானைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். கேள்வியிலேயே முறை குறிப்பிட்டிருந்தால் தேர்ந்தெடுக்க இடமில்லை. மற்றபடி முதல் வரியில் தன்மைகாட்டியை எழுதிவிட்டால், இரண்டாம் வரி எது என்ற குழப்பம் இராது.