பொனட் ஷொக்கும் மூன்று மாதக் கெடுவும்

கேள்வி:

மதிப்புக்குரிய சட்டத்தரணி அவர்களுக்கு,

நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர். பதினைந்து வருடம் ஓடிய ஜப்பானியக் கார் ஒன்று வைத்திருக்கிறேன். பொனட்டைத் தூக்கி நிறுத்தும் இரண்டு ஷொக்கும் தளர்ந்துபோனதால் கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். "பஞ்சிகாவத்தையில நானே பாத்து ஒரிஜினல் சாமான் எடுத்துப் போடுறன் ஐயா" என்றார் பாஸ். ஜூன் 14 ஆம் திகதி பொருத்தித் தந்தார். சாமானுக்கும் கூலிக்குமாக 18,500 ரூபாய் கொடுத்தேன்.

ஓகஸ்ட் கடைசியில் ஒரு காலை ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்க்கும்போது பொனட் அப்படியே இறங்கி வலது கையில் விழுந்தது. இரண்டு விரல்களுக்குத் தையல் போட்டார்கள். பாஸிடம் போய்ச் சொன்னால் பில்லின் அடியைக் காட்டுகிறார். "வொறண்டி இல்லை. விற்ற சாமான் திருப்பி எடுக்கப்படமாட்டாது" என்று அச்சடித்திருக்கிறது. "உங்கட கடற்கரை உப்புக் காத்துக்கு எந்த ஷொக்கும் நிக்காது. வேணுமெண்டா கடையில கேளுங்கோ" என்கிறார். கடைக்காரரோ என்னைத் தெரியவே தெரியாது என்கிறார். எனக்குச் சட்டத்தில் வழி ஏதும் உண்டா?

வாசகர், வெள்ளவத்தை

பதில்:

வழி உண்டு. ஆனால் அதற்கு நாள் குறைவு என்பதால் முதலில் திகதியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் முறைப்பாடு செப்டெம்பர் 13 ஆம் திகதிக்கு முன்னர் எழுத்தில் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போய்ச் சேர வேண்டும்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 13 ஆவது பிரிவு மூன்று மாதக் கெடு வைத்திருக்கிறது. அந்த மூன்று மாதமும் சாமான் பழுதான நாளில் தொடங்குவதில்லை. விற்ற நாளில், அல்லது வேலை செய்து தந்த நாளில் தொடங்குகிறது. பலர் இந்த இடத்தில்தான் தவறவிடுகிறார்கள். பொனட் விழுந்த நாளிலிருந்து கணக்குப் பார்த்து நவம்பர் வரை பொறுத்திருந்தால் இந்தக் கதவு மூடிவிடும். பாஸ் "அடுத்த கிழமை வாங்கோ, பாப்பம்" என்று இரண்டு தடவை சொன்னாலே உங்கள் கெடு கடந்துவிடும். அவருடன் பேசிக்கொண்டே இருங்கள், தப்பில்லை. முறைப்பாட்டை மட்டும் அதற்காக நிறுத்தி வைக்காதீர்கள்.

இனி, பில்லின் அடியில் உள்ள அந்த இரண்டு வரி. உங்களைப் போல எத்தனையோ பேர் அதைப் பார்த்ததும் வாயடைத்துத் திரும்பிப் போகிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனென்றால் அந்த வரிகளுக்கு அவ்வளவு பலம் இல்லை.

நம் நாட்டில் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896 ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒரு வகைச் சாமானை வியாபாரமாகவே விற்கும் ஒருவரிடம் அந்தச் சாமானைக் கேட்டு வாங்கினால், அது விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்கும் என்ற நிபந்தனை, யாரும் வாய் திறந்து சொல்லாவிட்டாலும், அந்த ஒப்பந்தத்துக்குள் இருக்கிறது. என்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அறிவை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்கு அது ஏற்றதாகவும் இருக்க வேண்டும். பொனட்டைத் தாங்க வேண்டிய ஷொக், கார் தன்பாட்டில் நிற்கும்போதே இரண்டரை மாதத்தில் கைவிட்டால், அதற்குத் தகுந்த விளக்கம் தர வேண்டிய நிலை விற்றவருக்கு வருகிறது.

அப்படியானால் "வொறண்டி இல்லை" என்று எழுதி அந்தக் கடமையிலிருந்து தப்ப முடியாதா? ஒரு காலத்தில் ஓரளவு முடிந்தது. 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் வந்த பிறகு, சொந்தப் பாவனைக்கு வாங்கும் ஒருவருக்கு எதிராக இத்தகைய நிபந்தனைகளை ஒரு வரியால் அழித்துவிட முடியாது. உங்கள் விடயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பில் எப்போது கைக்கு வந்தது? வேலை முடிந்து காசு கொடுத்த பிறகு. பேச்சு முடிந்து, வேலையும் முடிந்த பின் நீட்டப்பட்ட கடதாசியில் இருப்பதை நீங்கள் ஒப்புக்கொண்டதாக யாரும் சொல்ல முடியாது. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13 ஆவது பிரிவும் வெளிப்படையாகத் தந்த உத்தரவாதத்தோடு நிற்கவில்லை. சொல்லாமலே உள்ளடங்கிய உத்தரவாதத்துக்கு மாறான பொருளைப் பற்றியும் முறையிடலாம் என்கிறது. விசாரித்த பின் நட்டஈடு கொடுக்கும்படியோ, சாமானை மாற்றிக் கொடுக்கும்படியோ, காசைத் திருப்பித் தரும்படியோ அதிகாரசபை கட்டளையிடலாம்.

"கடையில போய்க் கேளுங்கோ" என்ற பேச்சுக்கு வருவோம். கடைக்காரர் உங்களைத் தெரியாது என்று சொன்னதில் பிழையில்லை. அவர் உங்களுக்கு ஒன்றும் விற்கவில்லை. நீங்கள் கராஜிடம் வாங்கினீர்கள், கராஜ் கடையிடம் வாங்கியது. சாமானைத் தெரிந்தெடுத்தவரும் பாஸ், விலை சொன்னவரும் பாஸ், ஒரே பில்லில் கூலியோடு சேர்த்துக் காசு வாங்கியவரும் பாஸ். 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32 ஆவது பிரிவு இதற்கென்றே எழுதியதுபோல இருக்கிறது. சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்ய வேண்டும், அந்த வேலைக்காகக் கொடுக்கும் பொருட்களும் தேவைக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆகவே உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கராஜ்காரர். அவர் தன் நட்டத்தைக் கடைக்காரரிடம் அறவிடுவது அவர்கள் இருவருக்கும் இடையிலான சங்கதி. நீங்களே பஞ்சிகாவத்தைக்குப் போய், இன்ன பிராண்ட் வேண்டும் என்று கேட்டு வாங்கிக் கொடுத்திருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். அப்போது சாமானுக்குக் கடையும் பொருத்திய விதத்துக்கு மட்டும் கராஜும் என்று பிரிந்துபோகும். பாவித்த சாமான் என்று தெரிந்தே மலிவாக வாங்கியிருந்தாலும் புதுச் சாமானின் ஆயுளை எதிர்பார்த்துப் பேச முடியாது.

பாஸ் "ஒரிஜினல்" என்று சொன்னதை மறக்காமல் எழுதுங்கள். அது போலி என்று தெரியவந்தால் 30, 31 ஆவது பிரிவுகளின் கீழ் தவறாக வழிநடத்தியது என்ற குற்றச்சாட்டும் சேரும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 வரை தனியார் கார்கள் வராத ஆண்டுகளில், உள்ள காரையே திருத்தித் திருத்தி ஓட வேண்டிய நிலைக்கு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வந்தன. அந்தக் குடும்பங்களுக்கு "ஒரிஜினல்" என்று பொய் சொல்லி விற்பது சின்ன விடயம் இல்லை.

எதிர்த்தரப்பின் ஒரே உருப்படியான வாதம் உப்புக்காற்று. அதைத் தட்டிக்கழிக்காமல் பார்க்க வேண்டும். ஷொக்கின் குழாய்க்குள் நைதரசன் வாயு பெரும் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது, கொஞ்சம் எண்ணெயும் இருக்கிறது. தண்டு வெளியே வரும் வாயில் உள்ள சீல்தான் அந்த வாயுவைப் பிடித்து வைக்கிறது. தண்டில் துருப்பிடித்துக் குழி விழுந்தால் அது ஒவ்வொரு தடவையும் சீலை அராவும். வாயு மெல்ல வெளியேறும். மரைன் டிரைவ் பக்கம் நிறுத்தும் கார்களுக்கு இது நடக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் நல்ல முலாம் பூசிய தண்டு சில மாதத்தில் அப்படிக் குழி விழுவது, முலாமே சரியில்லை என்ற கேள்வியைத்தான் எழுப்பும். வேறு காரணங்களும் உண்டு. குழாயில் நியூட்டன் கணக்கில் ஒரு எண் அச்சடித்திருக்கும். பழைய ஷொக்கில் இருந்ததைவிடக் குறைந்த எண்ணில் போட்டிருந்தால் பாரம் தாங்காது. தண்டு கீழ்நோக்கி இருக்க வேண்டியதைத் தலைகீழாகப் பூட்டினால் எண்ணெய் சீலுக்கு எட்டாமல் அது காய்ந்துவிடும். இவை இரண்டும் உப்புக்காற்றின் வேலை அல்ல, பொருத்தியவரின் வேலை.

ஆகவே அந்த இரண்டு ஷொக்கையும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். "தாங்கோ, கடையில காட்டி மாத்தித் தாறன்" என்று பாஸ் கேட்டாலும் ஒன்றை மட்டும், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். உங்கள் வழக்கின் பிரதான சாட்சி அதுதான். தண்டை, சீலின் வாயை, குழாயில் உள்ள எண்ணை நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். சம்பந்தமில்லாத இன்னொரு கராஜில் காட்டி, என்ன காரணத்தால் பழுதானது என்று இரண்டு வரி எழுதித் திகதியோடு வாங்குங்கள். வெட்டிப் பார்க்கவோ துளை போடவோ யாரையும் விடவேண்டாம். உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தம் ஆளையே காயப்படுத்தும்.

இவ்வளவு சிறிய சாமானுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று யாராவது கேட்டால் 2015 ஆம் ஆண்டை நினைவுபடுத்துங்கள். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களை அந்த ஆண்டில் திருப்பி அழைத்தது. பின்கதவைத் தாங்கும் இதே வகை ஷொக்கில் அழுக்குப் புகுந்து, அது காலத்துக்கு முன்னரே தேய்ந்து, கதவு ஆட்களின் மேல் விழக்கூடும் என்பதே காரணம். இது வாகனத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த ஆபத்து. தெரிந்த ஆபத்து என்பதால்தான் உங்கள் விரல் காயத்துக்கும் நட்டஈடு கேட்க இடமிருக்கிறது.

முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். இப்படித் தொடங்குங்கள்: "கொட்டாஞ்சேனையில் உள்ள இன்ன கராஜ் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம், 32 ஆம் பிரிவுகளுக்கு மாறாக, எனது காருக்குத் தரமற்ற பொனட் ஷொக் இரண்டை வழங்கிப் பொருத்தியது. பொருத்திய திகதி ஜூன் 14. செலுத்திய தொகை 18,500 ரூபாய். அவற்றில் வாயு நிற்காமல் பொனட் விழுந்து எனது வலது கை காயமடைந்தது. தொகையைத் திருப்பித் தருமாறும் வைத்தியச் செலவுக்கு நட்டஈடு வழங்குமாறும் கட்டளையிடும்படி கோருகிறேன்." பில்லின் பிரதி, படங்கள், மற்றக் கராஜின் குறிப்பு, வைத்தியசாலை தந்த சீட்டு எல்லாவற்றையும் இணையுங்கள். கொழும்பு 2, வொக்ஸ்ஹோல் வீதியில் உள்ள தலைமை அலுவலகத்தில் நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குவதுதான் நல்லது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம், ஆனால் தொலைபேசியில் சொன்னதை எழுத்து முறைப்பாடாகக் கணக்கெடுத்துவிடாதீர்கள். அதே நாளில் கராஜுக்கும் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம் போகட்டும்.

அதிகாரசபையில் காரியம் ஆகாவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. இந்த அளவு தொகைக்கு நேரே நீதிமன்றம் போக முடியாது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் பெற வேண்டும். அங்கே சட்டத்தரணி உங்களுக்காகத் தோன்ற முடியாது. நீங்களே பேச வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலும் வார இறுதியில் ஏதாவது ஒரு பாடசாலையில் மூன்று பேர் இருந்து பொறுமையாகக் கேட்பார்கள். வழக்குக்கான காலமும் இவ்வளவு குறுகியதல்ல. 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் எழுதாத ஒப்பந்தத்துக்கு மூன்று வருடமும், காயத்துக்கான நட்டஈட்டுக்கு இரண்டு வருடமும் தருகிறது.

கடிதம் கிடைத்ததும் பாஸ் வீடு தேடி வரக்கூடும். பெரும்பாலானவர்கள் வருவார்கள், புது ஷொக் இரண்டு போட்டுத் தருவதாகவும் சொல்வார்கள். ஏற்றுக்கொள்ளுங்கள், ஒரு பொனட்டுக்காக ஒரு மனிதரைப் பகைக்கத் தேவையில்லை. ஆனால் இணங்கியதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள், புது ஷொக்குக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதையும் அதில் போடுங்கள். "இத்துடன் எல்லாம் தீர்ந்தது" என்ற வாசகத்தை மட்டும், விரல் முழுதாக மடங்குகிறது என்று வைத்தியர் சொல்லும்வரை எழுத விடாதீர்கள். செப்டெம்பர் 13 நெருங்கியும் புதுச் சாமான் காரில் ஏறாவிட்டால், அவர் வாக்குக் கொடுத்திருந்தாலும் முறைப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள். பின்னர் இணக்கம் வந்தால் அதிகாரசபைக்கு அறிவித்து முடித்துக்கொள்ளலாம்.