வீட்டு எரிசக்திக்கு ஒரு கணக்கு நோட்டு



விதை, கூலி, உழவு என்று பண்ணைக்கு வரவு செலவு எழுதுகிறோம். வீட்டில் எரிகிற அடுப்புக்கும் ஓடுகிற மோட்டாருக்கும் யாராவது கணக்கு எழுதுகிறோமா? காலமெல்லாம் வங்கியில் ஊரார் கணக்கைப் பார்த்த நானும் எழுதினது இல்லை.

2012-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். சென்னை தவிர மற்ற மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம் கரண்டு இருக்காது. நான் அப்போது சாத்தூர்ப் பக்கம் ஒரு கிளையில் வேலை பார்த்தேன். அங்கே ஜெனரேட்டர் ஓடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "கரண்டு இல்லாமலும் மனுசன் வாழலாம்" என்று பேசுவேன். ஒரு நாள் என் வீட்டம்மா கேட்டாள்: "ஏங்க, நீங்க வாழ்ந்துருவீங்க. ரெண்டு மாட்டுக்கும் வீட்டுக்கும் தண்ணி சுமக்கப்போறது யாரு?" அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இந்தப் பாடம் அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான்.

அந்த நிலைமை திரும்ப வராது என்று சொல்ல முடியாது. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. எண்ணெய் வாங்க டாலர் இல்லாமல், கேஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சனம் வரிசையில் நின்றது. நம் நாட்டிலும் சமையல் கேஸில் பாதிக்கு மேல் கப்பலில்தான் வருகிறது. இங்கே சிவகாசி வட்டாரத்தில், பட்டாசு வேலை நின்றால் முதலில் தள்ளிப்போவது அடுத்த சிலிண்டர்தான்.

முதல் வேலை: நோட்டுப் போடுங்கள்

ஒரு நோட்டில் நாலு பத்தி பிரியுங்கள். என்ன வேலை, எதில் நடக்கிறது, மாதம் எவ்வளவு செலவு, அது நின்றுபோனால் யார் உடம்பு அந்த வேலையைச் செய்யும். நாலாவது பத்தியை விட்டுவிடாதீர்கள். எங்கள் நோட்டில் அந்தப் பத்தியில் ஏறக்குறைய எல்லா வரியிலும் என் மனைவி பெயர்தான் இருந்தது. அதனால் அந்த வரிகளுக்குத்தான் முதலில் பணம் ஒதுக்கினோம்.

தண்ணீர்: தொட்டிதான் மலிவான பேட்டரி

5 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 4 யூனிட் ஆகும். அதை வீட்டு பேட்டரியில் ஓட்ட நினைப்பது வீண். கரண்டு இருக்கும்போது தண்ணீரை மேலே ஏற்றிவிட்டால், பிறகு தானாக இறங்கி வரும். வீட்டுக்கும் மாட்டுக்கும் மூன்று நாளைக்கு ஆகிற அளவு உயரத்தில் தொட்டி கட்டினோம். தொழுவத்துக்கு ஒரு குழாய் போட்டதோடு குடம் சுமப்பது நின்றது.

வெளிச்சம், காற்று: முதலில் தேவையைக் குறையுங்கள்

நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். முதலில் இன்வெர்ட்டர் வாங்கி, அதில் பழைய ஃபேன்களோடு ஃபிரிட்ஜையும் மாட்டினேன். பேட்டரி அடியோடு வற்றி வற்றி, இரண்டு வருஷத்தில் செத்துப்போனது.

கணக்கு இதுதான். 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரியில் 1.8 யூனிட் இருக்கும். பாதிக்கு மேல் எடுக்காமல் இருந்தால் நீடித்து உழைக்கும். பழைய ஃபேன் 75 வாட். மூன்று ஃபேன் 8 மணி நேரம் ஓடினால் 1.8 யூனிட்டும் காலி. 28 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் மூன்றுக்கு அதே நேரத்தில் 0.7 யூனிட்டுக்குள் போதும். 9 வாட் எல்.இ.டி. விளக்கு நாலு, 5 மணி நேரம் எரிந்தால் 0.2 யூனிட்டுக்குள். ஃபேனை மாற்றினதும் அதே அளவு பேட்டரி ராத்திரி முழுக்கத் தாங்குகிறது.

கூரையில் சோலார் போடுகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். மின்வாரிய லைனோடு மட்டும் இணைத்த சோலார், கரண்டு போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கிற ஊழியருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். பில் குறையும், மின்வெட்டுக்கு உதவாது. அதற்கு பேட்டரியோடு சேர்ந்த அமைப்பு வேண்டும்.

அடுப்பு: சாணமும் வைக்கோலும்

1980களின் கடைசியில் சாண எரிவாயுக் கலனுக்கு நானே பல கடன் கொடுத்திருக்கிறேன். சில வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் குப்பைக் குழியாகக் கிடந்தது. பஞ்சத்தில் மாட்டை விற்றிருப்பார்கள், அல்லது தொட்டி வெடித்திருக்கும். கலனுக்குக் கடன் கொடுத்தேனே தவிர, மாடு நிற்குமா, தண்ணீர் இருக்குமா என்று கேட்கவில்லை. அந்தக் குறை இன்றைக்கும் மனசில் இருக்கிறது.

ஆகவே முதலில் கணக்குப் பாருங்கள். ஒரு கன மீட்டர் கேஸுக்குத் தினம் 25 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். நாட்டு மாடு ஒன்று பத்து, பன்னிரண்டு கிலோ போடும். எங்களுக்கு இரண்டு மாடும் ஒரு கன்றும் சரியாக இருக்கிறது. நாலு பேர் சமையலுக்கு அது போதும். ஒரு மாதக் கேஸ், ஏறக்குறைய 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்குச் சமம். கரிசல் மண் வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும் என்பதால் குழியைச் சுற்றி மணல் நிரப்பிக் கட்டினோம். வெளியே வருகிற கரைசல் வயலுக்கு எரு. அதையும் வரவில் எழுதுங்கள்.

மாடு இல்லாதவர்களுக்கு வைக்கோல் பெட்டி. பெட்டிக்குள் வைக்கோலை இறுக்கி நடுவில் குழி விடுங்கள். ஊற வைத்த அரிசியோ பருப்போ நன்றாகக் கொதித்ததும், மூடிய பானையை அதில் இறக்கி மேலே சாக்கும் வைக்கோலும் போட்டு மூடுங்கள். அரிசி முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும். பருப்புக்கு இன்னும் கூட நேரம் ஆகும்.

பருத்திமாரும் சீமைக்கருவேல விறகும் நமக்குப் பஞ்சமில்லை. ஆனால் புகைபோக்கி இல்லாத அடுப்பில் அதை எரித்துவிட்டு "பழைய வாழ்க்கைக்குத் திரும்பினோம்" என்று பெருமை பேசாதீர்கள். புகை போவது அடுப்படியில் நிற்கிறவரின் நெஞ்சுக்குள்.

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு 11 சிலிண்டர் வாங்கினோம். இப்போது 3. கன்று ஈனுகிற காலத்துக்கும் விருந்தாளி வருகிறபோதும் அது வேண்டியிருக்கிறது. அதை ஒளிக்க வேண்டியதில்லை.

இந்த மாத வீட்டுப்பாடம்

30 நாள் நோட்டு எழுதுங்கள். அதன்பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ராத்திரி வரை மெயின் சுவிட்சை அணைத்து, சிலிண்டரையும் மூடிவையுங்கள். அன்றைக்கு வீட்டில் யார் அதிகம் களைத்தார்கள் என்று பார்த்து, முதல் செலவை அவருக்காகச் செய்யுங்கள். பேனல் விலை விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.